சிரிக்காத தெய்வத்தின் நாகமாலை

ஜாத்திரைக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. குமாரியின் கழுத்தில் நாகமாலை இல்லை. தீர்கமான் மஹர்ஜனின் இடுப்பில் பெல்ட் இல்லை. இரண்டில் எது பெரிய பிரச்சினை என்று அவனைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பான்.

“தோல் சாமான் எதுவும் வாசப்படி தாண்டக்கூடாது தம்பி.”

ரத்னகாஜி குருஜு லுங்கா ஊரின் பெரிய பூசாரி. ஒரு குச்சியை நீட்டிப் பெல்ட்டை வாங்கி, செத்த பாம்பைப் போல வாசல் ஆணியில் மாட்டினார்.

“போலீஸைக் கூப்பிடாததும் இதனாலதான். பெல்ட்டு, பூட்ஸு, துப்பாக்கி உறை, எல்லாம் தோல்.”

“அதையெல்லாம் கழட்டிட்டா அது போலீஸ் இல்ல குருஜு. குளிக்க வந்த ஆளு.”

பலிஸ்தா துலாதர் அவன் காலை மிதித்தாள். செருப்பும் வாசலிலேயே நின்றுவிட்டதால் வலி குறைவாக இருந்தது.

நேபாளத்தின் பாட்டன் நகரில் நூல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். நெடிய உருவம். தேவைக்குக் குறைவாகவே பேசுவாள். மீதியை அவள் உதவியாளன் தீர்கமான் பேசிவிடுவான். பெயரில் இருந்த நீளம் அவன் உடம்புக்கு வந்து சேரவில்லை. ஆனால் லுங்காவின் பழைய வீடுகளில் நிலைப்படிகள் எல்லாம் அவனுக்கே அளவெடுத்தவை. பலிஸ்தா அதற்குள் இரண்டு முறை நெற்றியில் இடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு விஷயம்.” குருஜு தீர்கமானைத்தான் பார்த்தார். “மயிஜு முன்னாடி வேடிக்கைப் பேச்சு கூடாது. மயிஜு வாய்விட்டுச் சிரிச்சாங்கன்னா, எதிர்ல நிக்கிறவன் ஆறு மாசத்துல போயிடுவான்.”

“எங்க போவான்?”

“மேல.”

“மாடிக்கா?”

இந்த முறை பலிஸ்தா குதிகாலை உபயோகித்தாள்.

ஊரே குமாரியை மயிஜு என்றுதான் சொல்லும். நாகமாலை கழுத்தில் ஏறினால்தான் தலேஜு அம்மன் அந்தச் சின்ன உடம்பில் இறங்குவாள். மாலை இல்லாவிட்டால் நாளைக் காலை ஊர்வலம் போகப்போவது பட்டுப் பாவாடை கட்டிய ஆறு வயதுச் சிறுமி மட்டும்தான். அதை வணங்க நான்கு ஊர்க்காரர்கள் கூடமாட்டார்கள்.

“யார் எடுத்ததுன்னு சந்தேகம் இருக்கா குருஜு?” என்றாள் பலிஸ்தா.

“சந்தேகம் என்ன சந்தேகம். மோதிரத்னதான். மயிஜுவோட தாய்மாமன். வெளிய கிளம்பினா மயிஜு கால் மண்ணுல படக்கூடாது, தோள்ல தூக்கிட்டுப் போறது அவன்தான். பூஜை அறைக்குள்ள அம்மாவும் அவனும் தவிர யாரும் தனியாப் போறதில்ல. தொழில் வெள்ளி வேலை. மாலையை உருக்கி ரெண்டு தட்டு, ஒரு கிண்ணம் அடிச்சுட்டான்னா, அப்புறம் எந்தக் கடையில போய்த் தேடுவே?”

“அவர் என்ன சொல்றார்?”

“எடுக்கலைங்கிறான். வேற ஒண்ணும் பேசமாட்டேங்கிறான். இன்னிக்கு விளக்கேத்துற நேரத்துக்கு ஊர்ச் சங்கம் கூடுது. அதுக்குள்ள மாலை வரலைன்னா அவன் பேரை எடுத்துடுவோம்.”

தீர்கமான் பகடி பேசவில்லை. சங்கத்திலிருந்து பெயர் எடுபட்டவனுக்கு ஊர் விருந்தில் இலை கிடையாது. அவன் மகளுக்கு மாப்பிள்ளை கிடையாது. அவன் செத்தால் தூக்க நாலு பேர் கிடையாது. தீர்கமானின் சொந்த ஊரில் ஒருவருக்கு அப்படி ஆகியிருக்கிறது. அவர் கடைசியில் ஊரைவிட்டே போனார்.

“அம்மன் முன்னாடியே சொல்லிட்டா,” என்றார் குருஜு. மாடிப்படியில் ஏறும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் ஏறியது. “நாலு நாள் முன்னாடி நைவேத்தியத்தைக் கிள்ளிக் கிள்ளி வச்சா. பொருள் நஷ்டம்னு அர்த்தம். அரிசி வியாபாரி நந்தலால் அதைக் கேட்டு பயந்து, இருந்த மூட்டையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளினான். பெரிய நஷ்டம். பார்த்தியா, பலிச்சுது.”

“பலிக்க வச்சுட்டாரே,” என்றான் தீர்கமான்.

“மறுநாள் ஆப்பிளைக் கடிக்கும்போது கண்ணுல தண்ணி. அது சாவுச் சகுனம். எதிர்ல நின்னது ஆப்பிள் கொண்டுவந்த பழக்காரன். அன்னியிலேருந்து வீட்டைவிட்டு வெளிய வரல. அடுத்த நாள் கையால வாயைப் பொத்திக்கிட்டா. அதுக்குச் சகுன ஏட்டுல அர்த்தம் இல்ல. நான் யோசிச்சு, ஊர்ல ஏதோ ரகசியம்னு சொன்னேன். மறுநாளே மாலையைக் காணோம்!”

“குமாரியா இருக்கிறதுக்கு என்னென்ன தகுதி வேணும் குருஜு?” பலிஸ்தா சம்பந்தமில்லாமல் கேட்டாள்.

“சாக்கியர் வீட்டுப் பொண்ணா இருக்கணும். உடம்புல தழும்பு கூடாது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது. இருட்டுக்குப் பயப்படக்கூடாது. பால்பல் முழுசா இருக்கணும். முதல் பல்லு விழுற அன்னிக்கு அம்மன் உடம்பைவிட்டு விலகிடுவா, அடுத்த குழந்தையைத் தேடணும். இன்னும் முப்பத்திரண்டு லட்சணம் இருக்கு. சொல்லவா?”

“எனக்கு ரெண்டாவதுலயே போச்சு குருஜு,” என்றான் தீர்கமான். அவன் முழங்காலில் மோட்டார் சைக்கிள் போட்ட தழும்பு ஒரு ஜாண் இருந்தது.

மாடி அறையில் சாம்பிராணிப் புகை. ஜன்னலோரம் சிவப்பு மெத்தை போட்ட சிம்மாசனத்தில் குமாரி உட்கார்ந்திருந்தாள். சிவப்புப் பட்டு. கண்ணிலிருந்து காதுவரை இழுத்த மை. நெற்றி நிறைய வரைந்த மூன்றாவது கண். கழுத்து மட்டும் மொட்டையாக இருந்தது. உதடு இறுக மூடியிருந்தது. அவள் பார்வை தீர்கமானின் முகத்தில் தொடங்கி, கால்சட்டையைப் பிடித்திருந்த அவன் கையில் வந்து நின்றது. அங்கேயே தங்கியது.

அவன் விழுந்து கும்பிட்டான். ஒரு கையால்தான் கும்பிட முடிந்தது.

குமாரியின் அம்மா திலசோபா தரையில் உட்கார்ந்து திரி உருட்டிக்கொண்டிருந்தாள். கணவன் கத்தாரில் வேலை. அழுது முடித்த முகம். குருஜு கீழே போனதும் மெல்லப் பேசினாள்.

“என் தம்பி எடுக்கமாட்டான் அக்கா. மயிஜுவைத் தூக்கிட்டுப் போகும்போது எச்சில்கூட முழுங்கமாட்டான். மயிஜு ஆடிடுவாங்களாம்.”

“உங்க பொண்ணு பேர் என்ன?” என்று கேட்டான் தீர்கமான்.

திலசோபா பதறி மகளைப் பார்த்தாள். “இப்ப அந்தப் பேர் சொல்லக்கூடாது. அது வேற ஒருத்தி. அம்மன் விலகினப்புறம்தான் அவ திரும்பி வருவா.” கொஞ்சம் தயங்கி, “மயிஜு, பால் குடிக்கிறீங்களா?” என்றாள்.

மகள் தலையசைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

பலிஸ்தா கேட்டாள். “மாலை மட்டும்தான் காணோமா? அதுக்கு முன்னாடி சின்னதா ஏதாவது?”

“சின்னதா…” திலசோபா யோசித்தாள். “மூணு நாள் முன்னாடி தட்டுல இருந்த அவல் ஒரு கைப்பிடி குறைஞ்சிருந்துச்சு. சாப்பிட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். அன்னிக்கு மத்தியானம் பூஜைக்கு வச்ச சகுன முட்டை காணோம். மறுநாள் ஒரு லாகாமாரி. அந்தப் பெரிய இனிப்பு, முழுசா. அன்னிக்கே சாயங்காலம் கொலுசுல ஒரு மணி கழண்டிருந்துச்சு. நேத்து காலையில பார்த்தா மாலை.”

“அடடா, பசி எடுத்த திருடன்,” என்றான் தீர்கமான். “முதல்ல டிபன், அப்புறம் இனிப்பு, கடைசியில நகை. வெத்தலை பாக்கு மட்டும்தான் பாக்கி.”

குமாரியின் உதட்டோரம் துடித்தது. திலசோபா அரண்டுபோய் அவளைப் பார்த்தாள். தீர்கமான் தன் ஆறு மாதத்தை நினைத்து வாயை மூடினான்.

படியிறங்கும்போது பலிஸ்தா மூன்றாவது முறை இடித்துக்கொண்டாள். அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

“தீர்கா, மாலையைத் திருட வந்தவன் அவலை எதுக்குத் திருடணும்?”

“குருஜு சொல்ற மாதிரி, துணிச்சல் கொஞ்சம் கொஞ்சமா…”

“அவலுக்கு என்ன துணிச்சல் வேணும்? யோசிச்சுப் பாரு. அவல். முட்டை. இனிப்பு. வெள்ளி மணி. வெள்ளி மாலை. ஏறிக்கிட்டே போகுது. நீ எப்ப இப்படிக் கொடுப்பே?”

“கொடுப்பேனா? நாம திருட்டைப் பத்தியில்ல பேசறோம்?”

“எப்ப கொடுப்பே, சொல்லு.”

தீர்கமான் தலையைச் சொறிந்தான். கால்சட்டை நழுவ, அவசரமாகப் பிடித்தான். “டாக்ஸிக்காரன்கிட்ட. அம்பதுன்னு சொல்வேன், திரும்பிப் பார்க்கமாட்டான். நூறும்பேன், தலையை ஆட்டுவான். அவன் சரின்னு சொல்ற வரைக்கும் ஏத்திக்கிட்டே போகணும்.”

“அதான். இது திருட்டு இல்ல. பேரம். யாரோ யார்கிட்டயோ எதையோ கேட்டிருக்காங்க. அந்தப் பக்கம் மசியல.”

“யாரு அக்கா? யார்கிட்ட?”

“முதல்ல மாமனைப் பார்ப்போம்.”

மோதிரத்ன சாக்யாவின் பட்டறை பக்கத்து முற்றத்தில் இருந்தது. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் காவலுக்கு வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவன் குனிந்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பலிஸ்தாவைப் பார்த்ததும் கையிலிருந்ததை உள்ளங்கைக்குள் மறைத்தான்.

“வெள்ளிப் பட்டறையில வெள்ளைத் தூளா இருக்கே,” என்றாள் அவள்.

“சங்கு. பொம்மைக்குக் கண் வைக்கிறேன்.”

“எந்தப் பொம்மை?”

அலமாரியில் தாரா தேவி பொம்மை ஒன்று இருந்தது. அதற்கு ஏற்கெனவே ஏழு கண் இருந்தது.

“எட்டாவது கண்ணா?” என்றான் தீர்கமான். “இவ்வளவு கண்ணை வச்சுக்கிட்டு திருடனைப் பார்க்கலியா அம்மா நீங்க?”

மோதிரத்ன சிரிக்கவில்லை. பலிஸ்தா கையை நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் அவன் சங்குத் துண்டை அதில் வைத்தான். அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மெலிந்த முனை. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“நாளைக்கு எத்தனை சுத்து தூக்கிட்டுப் போகணும்?” என்றாள்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. “மூணு. ஊரைச் சுத்தி மூணு.” அவன் முகம் இளகியது. “மயிஜுக்கு அந்த ஒரு நாள்தான் மொத்த ஊரும் மேலேயிருந்து தெரியும். காதுல குனிஞ்சு சொல்லுவாங்க. மெதுவாப் போ மாமான்னு. போன வருஷம் மழைன்னு கொஞ்சம் ஓடிட்டேன். ஒரு வாரம் என்னைப் பார்க்கவே இல்ல. எப்பவும் அவங்க கேக்கிறது அது ஒண்ணுதான். இன்னும் ஒரு சுத்து மாமா.”

“அம்மன் விலகிட்டா?”

“மறுநாள் காலையில நடந்து பள்ளிக்கூடம். அப்புறம் தூக்கக்கூடாது. எல்லாப் பிள்ளைங்க மாதிரியும்தான்.” அவன் அரத்தைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“மாலை எங்கேன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. சத்தியமா.”

“வேற ஏதோ தெரியும்.”

அவன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பலிஸ்தா வற்புறுத்தவில்லை. சங்குத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

“அக்கா, கண்ணுன்னா ரெண்டு செய்யணும். தாராவுக்கு ஏழு கண்ணும் ஏற்கெனவே இருக்கு. இவர் ஒண்ணே ஒண்ணுதான் செய்றார்.”

“ரொம்ப நாளைக்கப்புறம் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே. வா. பேரத்துல பொருள் வாங்கினவனைத் தேடணும். அந்த அறைக்குள்ளதான் இருக்கான்.”

“அந்த அறையில அம்மாவும் மகளும்தான் இருந்தாங்க!”

“குனிஞ்சு தேடு. உனக்குச் சுலபம்.”

திரும்பவும் மாடி அறை. பலிஸ்தா ஒரு வேலை சொல்லித் திலசோபாவைக் கீழே அனுப்பினாள். குமாரி அதே சிம்மாசனத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். தீர்கமான் மண்டியிட்டு அறையின் ஓரங்களைத் தடவிக்கொண்டே போனான். பெட்டிக்கு அடியில் பார்த்தான். விளக்குக்குப் பின்னால் பார்த்தான். சிம்மாசனத்தைச் சுற்றி வரும்போது ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்தது. இன்னொரு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது கை இல்லாத குறை அப்போது தெரிந்தது.

கால்சட்டை தரையை எட்டியது. உள்ளே இருந்தது தசைன் பண்டிகைக்கு அவன் அம்மா எடுத்துக் கொடுத்தது. மஞ்சள் துணி. அதில் வரிசையாக வாத்துகள் நீந்தின.

அறையில் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய் திறந்தது போல ஒரு சிரிப்பு. நடுவில் விசில் அடித்தது. உடனே நின்றது.

தீர்கமான் கழுத்தை மட்டும் திருப்பினான். தெய்வம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. மைக்கண் இரண்டும் அகல விரிந்திருந்தன.

“போச்சு,” என்றான். “ஆறு மாசம். அக்கா, என் ஸ்கூட்டர் தவணையை நீங்க கட்டிடுங்க.”

அப்படியே தரையில் உட்கார்ந்து கால்சட்டையை ஏற்ற முயன்றான். கண், சிம்மாசனத்தின் பின்காலுக்கு நேராக வந்தது. காலுக்கும் சுவருக்கும் நடுவில் கம்பள நுனி மடிந்திருந்தது. அதற்குப் பின்னால் பழைய செங்கல் சுவரில் ஒரு பொந்து. வாசலில் இரண்டு அவல்.

“அக்கா,” என்றான் மெதுவாக. “வாங்கினவன் கிடைச்சுட்டான். மீசை இருக்கு. வாலும் இருக்கு போல.”

பலிஸ்தா குனிந்து இரண்டு விரலைப் பொந்துக்குள் விட்டாள். ஒரு லாகாமாரித் துண்டு வந்தது. பாதி கொறித்தது. அடுத்து ஒரு வெள்ளி மணி. பிறகு, சுவரோடு உரசிக்கொண்டு, தலை, படம், உடல், வால் என்று நாகமாலை முழுசாக வந்தது. தீர்கமான் கத்த வாயெடுத்தான். அவள் கை காட்டி அடக்கினாள். விரல் இன்னும் உள்ளேயே துழாவியது. கடைசியாக ஒன்று வந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளை.

கைக்குட்டையை அவிழ்த்து அதைச் சங்குத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே அச்சு.

தீர்கமான் பார்த்தான். கிள்ளி வைத்த நைவேத்தியம். ஆப்பிள் கடிக்கும்போது கண்ணீர். வாயைப் பொத்திய கை. குருஜு எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் சொல்லியிருந்தார். இந்த வயதில் ஆப்பிளைக் கடித்து அழுகிற எந்தப் பிள்ளையிடமும் அதன் அம்மா வாயைத் திற என்றுதான் சொல்வாள். தெய்வத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. தெய்வம் சிரிப்பதும் இல்லை. வாய்க்குள் என்ன நடந்தாலும் ஊருக்குத் தெரியாது.

சின்ன வயதில் அவனும் செய்திருக்கிறான். விழுந்ததை எலிப் பொந்தில் போட்டுவிட்டு, என்னுடையதை நீ எடுத்துக்கொள், உன்னுடையதை எனக்குக் கொடு என்று மூன்று முறை சொல்லவேண்டும். அவன் எலிக்கு எதுவும் கொடுக்கவில்லை. அதனால்தான் அவனுக்கு முன்பல் தாமதமாக, கோணலாக வந்ததோ என்னவோ.

பலிஸ்தா சிம்மாசனத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“மயிஜு, எலி பதில் சொல்லிச்சா?”

குமாரி இல்லையென்று தலையாட்டினாள்.

“நாளைக்குள்ள வேணும்னு கேட்டீங்களா?”

ஆமாம் என்றது தலை.

“மூணு சுத்துக்காக?”

தலை அசையவில்லை. கண்ணில் நீர் நிறைந்தது. தீர்கமான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பார்க்காவிட்டால் சகுனம் கணக்கில் வராது என்று அவனுக்குத் தோன்றியது.

“நாங்க யாருக்கும் சொல்லமாட்டோம்,” என்றாள் பலிஸ்தா. “மாலை கிடைச்சாச்சு. உங்க மாமாவை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

படியில் தீர்கமான் அவள் காதருகே வந்தான். அதற்கு இரண்டு படி மேலே நிற்க வேண்டியிருந்தது. “அக்கா, குருஜு கேட்டா?”

“மாலை எங்கேன்னுதான் நம்மளைக் கேட்டாங்க. மத்தது நாம சொல்றதுக்கில்ல. அது அவங்களோடது.”

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தீர்கமான் ஒரு செய்தியை விழுங்கினான். தொண்டையிலேயே நின்றது.

விளக்கேற்றும் நேரம். முற்றத்தில் செங்கல் தரையில் பாய் விரித்துச் சங்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். தீமே மேளக்காரர்கள் மேளத்தைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஜன்னல் ஒவ்வொன்றிலும் நாலைந்து தலை. மோதிரத்ன குமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். தீர்ப்பு வரும்வரை தூக்குவது அவன் வேலைதான். அவளை ஆடாமல் தூக்க வேறு யாருக்கும் தெரியாது.

பலிஸ்தா நாகமாலையைத் தட்டில் வைத்தாள். முற்றமே மூச்சு விட்டது.

“எங்கே இருந்துச்சு?” என்றார் குருஜு.

“எலிப் பொந்துல.”

“எலியா!”

“எலின்னா சும்மா எலியா குருஜு?” தீர்கமான் முன்னால் வந்தான். கால்சட்டையைப் பிடித்திருந்த கை தவிர மற்றதெல்லாம் கம்பீரமாக இருந்தது. “கணேசரோட வாகனம். நாளைக்கு ஜாத்திரை. அவரும் மாலையை ஒரு ராத்திரி போட்டுப் பார்த்துட்டுக் கொடுத்திருக்கார். இதுக்கு ஏட்டுல நல்ல அர்த்தம் இருக்கும், தேடிப் பாருங்க.”

மேளக்காரர்கள் சிரித்தார்கள். பாயில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கைகூப்பிவிட்டார்கள். அரிசி வியாபாரி நந்தலால் இதனால் விலை ஏறுமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். தீர்கமானுக்கு உடம்பு லேசாகிவிட்டது. முடிந்தது. ஒரு தட்டுப் பாரா வடை, கூடவே ஒரு கிண்ணம் ஐலாச் சாராயம். பிறகு ஸ்கூட்டர், பாட்டன்.

குருஜு மட்டும் மாலையைத் தூக்கிக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறுந்திருக்கல,” என்றார். “கழட்டியிருக்கு. ரெண்டு தடவை திருகி, உள்ள அழுத்தினாத்தான் இது திறக்கும். எனக்கே வராது. போன வருஷம் இந்தக் கொக்கியைச் செஞ்சது யாரு?”

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

“எலி கழட்டுமா மோதி?”

பலிஸ்தாவின் முகத்தில் தீர்கமான் இதுவரை பார்க்காத தடுமாற்றம் தெரிந்தது. கைக்குட்டை முடிச்சை அவள் விரல் இறுகப் பற்றியிருந்தது. அதை அவிழ்த்தால் ஒரே நொடியில் எல்லாம் விளங்கும். அவள் அவிழ்க்கவில்லை.

மோதிரத்ன தலையை நிமிர்த்தினான். தோளில் இருப்பவள் ஆடாதபடி மெதுவாகத்தான் நிமிர்த்தினான்.

“நான்தான் கழட்டினேன் குருஜு. பொந்துல ஒளிச்சேன். அப்புறம் உருக்கிக்கலாம்னு நினைச்சேன்.”

ஜன்னல் ஒன்றிலிருந்து ஒரு பெண் “ஐயோ” என்றாள். திலசோபா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சங்கத் தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

அப்போதுதான் தீர்கமானுக்குப் புரிந்தது. தோளில் உட்கார்ந்து காதோடு பேசுகிறவளின் வாயில் புதிதாக விசில் அடித்தால், அது முதலில் யாருக்குக் கேட்கும்? இவனுக்கு அன்றைக்கே தெரியும். மாலையை யார் எடுத்திருப்பார்கள் என்றும் ஊகித்திருப்பான். நாளைய மூன்று சுற்றுக்காக ஒரு சங்குத் துண்டைப் பொய்ப்பல்லாக அரம் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது அந்த மூன்று சுற்றும் அவனுக்குக் கிடையாது. அவளுக்காவது கிடைக்கட்டும், வேறு யாருடைய தோளிலாவது.

“மோதிரத்ன சாக்யா,” என்று சங்கத் தலைவர் தொடங்கினார். “நம்ம முன்னோர் வச்ச முறைப்படி…”

பட்டு சரசரத்தது.

குமாரி மாமனின் தோளிலிருந்து சரிந்தாள். அவன் பிடிக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, அவன் முழங்காலில் ஒரு கால் வைத்து இறங்கினாள்.

“ஜெனு! வேண்டாம்!” மோதிரத்ன கத்தினான்.

அந்தப் பெயரை அந்த முற்றத்தில் மூன்று வருடமாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

செம்பஞ்சு பூசிய இரண்டு பாதங்கள் செங்கல் தரையில் பட்டன. மேளக்காரன் கையிலிருந்து குச்சி விழுந்து உருண்டது. குருஜு வாயைத் திறந்தார். அவர் ஏட்டில் இதற்கு இடமே இல்லை. தீர்கமான் தன்னை அறியாமல் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். கால்சட்டை தன் வழியே போனது. ஊர் முன்னால் வாத்துகள் நீந்தின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்ன உருவம் நேராக நடந்தது. நடை கொஞ்சம் தடுமாறியது. பழக்கமில்லை. குருஜுவின் முன்னால் போய் நின்று, மூன்று கண்ணாலும் அவரை அண்ணாந்து பார்த்தது. உதடு பிரிந்தது. ஊர் முதல் முறையாகத் தன் தெய்வத்தின் குரலைக் கேட்டது. அது விசில் அடித்துக்கொண்டு வந்தது.

“மாமா பொய் சொல்றாங்க. மாலையை நான்தான் கழட்டி எலிக்குக் கொடுத்தேன். என் பல்லு விழுந்துடுச்சு.”